பூனை அடித்த மணி

அந்த வீட்டுக்குள் புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் முதலில் பூனை பார்க்க வேண்டும். அது சுற்றி வந்து, முகர்ந்து, முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டி, போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அது வீட்டுப் பொருள். குக்கர் வாங்கியபோது மூன்று நாள் விசிலுக்கு எதிரே உட்கார்ந்து விசாரணை நடத்தியது. குடையை ஒரு முறை விரித்துக் காட்டியதற்கு, ஒரு வாரம் குடை நிற்கும் மூலையை விட்டு நகரவில்லை. அதனால்தான் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வந்தது. சாம்பல் உடம்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, நடையில் ஒரு மிடுக்கு. ஒரு துண்டு மீனைக் காட்டினால் எப்பேர்ப்பட்ட விசாரணையும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்பதால் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்தியது.

பெயர் வைத்தவள் அந்த வீட்டு மருமகள். சலவைக் கடைக்கு வரும் துணிகளில் உயரம் குறைக்க வேண்டிய பேண்ட், ஜிப் போன பாவாடை, உள்துணி கிழிந்த கோட்டு எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின். காலையில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும் வரை தையல். ஒரு நாள் கடையிலிருந்து தூக்கி வந்த பேண்ட் மூட்டையைப் பிரித்தபோது, நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் மடியில் எதுவும் தானாக வந்து உட்கார்ந்ததில்லை.

அந்த விஷயத்தை அவள் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வீட்டில் மாமியார் இருந்தாள். "பிள்ளை பெறத் துப்பில்லை, பூனைக்குப் பால் புகட்டுறா பாரு," என்பாள். சொல்வதை மருமகளிடம் சொல்ல மாட்டாள். சுவரிடம் சொல்வாள், மாடிப்படியில் போகிறவர்களிடம் சொல்வாள், பூனையிடமே சொல்வாள். பக்கத்தில் வந்தால் காலால் ஒரு எத்து வேறு. ஊசி குத்தினால் எடுத்துவிடலாம். வார்த்தை குத்தினால் எதை வைத்து எடுப்பது? மருமகள் மெஷினை வேகமாக மிதித்துக்கொண்டே பதினான்கு வருஷம் ஓட்டினாள்.

அப்புறம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் வாயில் நுரையோடு அப்படியே சரிந்தாள். இடது கையும் காலும் போயின. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அத்தனை வருஷம் ஓயாமல் ஆடிய நாக்கு, ஒரு வார்த்தையை வெளியே தள்ளவே திண்டாடியது. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று மருமகளுக்கு அதுவரை சந்தேகம் இருந்தது, அன்று தீர்ந்தது. ஆனால் அவர் அரைகுறை வேலைக்காரர் என்பதும் சேர்ந்தே தெரிந்தது. நாக்கை அடக்கியவர், மாமியாரின் மலத்துணியைக் கொண்டுவந்து இவள் தலையில் அல்லவா கட்டினார்!

மாமியாரின் அறை பின்பக்கம். அங்கிருந்து குழறிக் கூப்பிட்டால், மெஷின் சத்தத்தில் முன்னறைக்குக் கேட்காது. அதற்கு ஒரு வழி பண்ணினான் மகன். அவன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வார்த்தையில் முடிகிற பேச்சுக்கு நாலாவது வார்த்தையைச் செலவழிக்காதவன். பெற்ற தாய் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காரத் தெரியாது அவனுக்கு, ஆனால் மாட்டுவதற்கும் முடுக்குவதற்கும் ஏதாவது இருந்தால் நாள் முழுக்க உட்காருவான். இடிக்கப்போகும் ஒரு பழைய கட்டிடத்தின் லிஃப்டிலிருந்து கழற்றிய பட்டனைக் கொண்டுவந்தான். வட்டமான பித்தளைப் பட்டன், சுற்றிலும் சிவப்பு வளையம். அதை ஒரு பெட்டியில் பொருத்தி, கட்டிலின் வலது பக்கச் சட்டத்தில் முடுக்கி, வயர் இழுத்து, முன்னறைக் கதவுக்கு மேலே மணியை மாட்டினான்.

"அம்மா அழுத்தினா மணி அடிக்கும். சிவப்பு லைட் எரியும். நீ போய் இந்தக் கறுப்பு பட்டனை அழுத்துற வரைக்கும் அது எரிஞ்சுக்கிட்டே இருக்கும்," என்று மனைவியிடம் விளக்கினான். "லிஃப்ட்ல அப்படித்தான். கூப்பிட்டா வந்தாகணும். வர்ற வரைக்கும் கூப்பிட்டது அழியாது."

"நான் என்ன லிஃப்டா?" என்றாள் அவள். அவன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் வேலை முடிகிற வரை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகன் அந்தப் பக்கம் போனதும் ஏறி வந்தார். பித்தளையை முகர்ந்தார். உள்ளே மாட்டியிருந்த ஸ்பிரிங் லேசானது. நோயாளியின் விரலுக்குச் சிரமம் இருக்கக் கூடாதென்று அவன் போட்டது. முன்னங்காலால் ஒரு தட்டு. வீட்டின் அந்தக் கோடியில் மணி 'ட்ரிங்' என்றது, கண்ணெதிரே சிவப்பு வட்டம் பற்றிக்கொண்டது. பூனை ஒரு முழ உயரம் குதித்து மாமியாரின் வயிற்றில் விழுந்து, அங்கிருந்து அலமாரிக்கு மேலே போய்விட்டது. மாமியாரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓடி வந்த மருமகள் முதலில் பயந்துபோனாள். அப்புறம்தான் புரிந்தது, கிழவி சிரிக்கிறாள்.

பயந்தாலும் விடுகிற ஜாதியா அது? மறுநாளே அதற்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தட்டினால் சிவப்பு வரும், சிவப்பு வந்தால் ஆள் வரும், ஆள் வந்து கறுப்பைத் தட்டினால் சிவப்பு போய்விடும். இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? வளையத்தின் மேல் மூக்கை வைத்துப் பார்க்கும், பெட்டிக்குப் பின்பக்கம் கையை விட்டுத் துழாவும், மறுபடி தட்டும். ஒரு நாளைக்கு ஏழு முறை, எட்டு முறை அவள் தையலை விட்டுவிட்டு ஓடுவாள். போனால் பூனை கம்பீரமாக உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் மாமியாரின் வலது கை அதன் முதுகில் கிடக்கும். காலால் எத்திய பூனையை அந்தக் கை தடவக் கற்றுக்கொண்டிருந்தது. என்ன செய்வது, அந்த அறைக்கு மணி அடிக்காமல் வந்து போகிற உயிர் அது ஒன்றுதான்.

அப்படி ஓடி ஓடிச் சலித்த ஒரு நாள், ஒரு கோட்டின் கையைப் பொருத்திக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. பூனைதான் என்று அவள் எழுந்திருக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அரைமணி கழித்துப் போனால், மாமியார் ஈரத்தில் கிடந்தாள். கண் ஓரத்திலும் ஈரம்.

"பூனைன்னு நினைச்சேன், அத்தை," என்றாள்.

மாமியார் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒன்றும் வரவில்லை. பூனை என்று நினைத்தேன் என்று ஒருத்தி சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பதில் இல்லாத இடத்தில் மாமியாரைப் பார்ப்பது பதினான்கு வருஷத்தில் அவளுக்கு அதுதான் முதல் தடவை. துணியை மாற்றி, உடம்பைத் துடைத்து, பவுடர் போட்டுவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். நெஞ்சில் ஏதோ இனித்தது. இப்படியெல்லாமா இனிக்கும் என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனாலும் இனித்தது.

ருசி கண்ட பூனை என்று சும்மாவா சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு மணியில் வித்தியாசம் தெரியும். தெரியாமல் என்ன, காது என்ன செவிடா? பூனை அடித்தால் 'ட்ரிங்' என்று வெட்டினாற்போல நிற்கும். மாமியார் அடித்தால் நீளமாக, அழுகிற குழந்தை மூச்சு இழுப்பதுபோல இழுத்து ஒலிக்கும். நீள மணி கேட்கும்போது அவள் இன்னொரு தையல் போடுவாள். இன்னும் ஒன்று. இந்த ஓரம் முடியட்டும். இந்த ஜிப் முடியட்டும். பிறகு போய், பூனைமேல் ஒரு செல்லக் கோபம் வேறு கோபித்துக்கொள்வாள். "சும்மா சும்மா அடிச்சு விளையாடுறியே, பாவம் அத்தைக்குத் தொந்தரவு இல்லையா?" பூனை அவளை நிமிர்ந்து பார்க்கும். மாமியாரும் பார்ப்பாள்.

கணவனிடமும் அதையேதான் சொன்னாள். "இன்னிக்கு மட்டும் முப்பது தடவை அடிச்சிருக்கும் உங்க மணி. எல்லாம் பூனை வேலை. எதுக்குன்னு நான் எழுந்திரிப்பேன்?"

அவன் ம் என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தைத்த துணிகளைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, மாமியார் அறையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரோடு வெளியே வந்தான்.

"என்ன ரிப்பேரா?"

"டைட் பண்ணேன் கொஞ்சம்."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மனிதன் வாழ்நாள் முழுக்க எதையாவது டைட் பண்ணிக்கொண்டேதான் இருந்தான். அதற்கப்புறம் வெட்டினாற்போல ஒலிக்கும் குட்டை மணி கேட்கவே இல்லை என்பதையும் அவள் கவனிக்கவில்லை. பொய்க்கு வசதி வந்துவிட்டால் அப்புறம் யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஹோட்டல் ஊழியர்களுக்குப் புதுச் சீருடை, இருபத்தெட்டு பேண்ட். தைத்துக் கொடுத்தவன் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் தைத்து அனுப்பிவிட்டான். ஆட்கள் ஒரே உயரத்தில் இல்லையே. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அத்தனையும் மடித்துத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். பகல் ஒரு மணிக்கு மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, துணி மாற்றி, பின்னறை ஜன்னலை மூடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூடாமல் வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது. ஒன்றரைக்கு மேல் வெயில் நேராகத் தலையணைக்கு வரும்.

முதல் மணி அடித்தபோது பூனை அவள் பக்கத்தில்தான் இருந்தது. தைத்து முடித்த பேண்ட் குவியலின் மேல் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மணி நீளமாக ஒலித்தது. பூனை தலையைத் தூக்கி மணியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது.

"இப்பத்தானேடா போய்ட்டு வந்தேன்," என்றாள் அதனிடம்.

இரண்டாவது மணி. அவள் நூலைக் கடித்தாள். மூன்றாவது. பூனை எழுந்து, முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்து, குவியலிலிருந்து இறங்கி, நடைவழியில் நிதானமாக நடந்து பின்னறைக்குப் போனது. கூப்பிட்டதற்கு அந்த வீட்டில் எழுந்து போனது அது ஒன்றுதான்.

நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு மணிக்கும் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் ஆசையாகத் தைத்துக்கொண்ட பச்சை ரவிக்கையை மாமியார் கைப்பிடித் துணியாக்கியது. மூன்றாம் மாதம் கலைந்துபோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளிடம், "வயித்துல வந்ததையாவது ஒழுங்கா தக்கவெச்சியா?" என்று கேட்டது. அதை நினைத்ததும் கால் தானாக மெஷினை வேகமாக மிதித்தது. கூப்பிடட்டும். நன்றாகக் கூப்பிடட்டும். நான் கூப்பிட்டபோது யார் வந்தார்கள்? ஏழு, எட்டு, ஒன்பது. பிறகு அவள் எண்ணவில்லை.

மூன்று மணிவாக்கில், மணி ஒரு முறை மிக நீளமாக ஒலித்து, நின்றது. அதன் பிறகு அடிக்கவே இல்லை.

"அப்பாடா," என்றாள் மருமகள்.

ஐந்தரைக்குக் கணவன் வந்தான். அவள் கடையில் கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பி, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் நேராகப் பின்னறைக்குப் போனான். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

மாமியார் தரையில் கிடந்தாள். தண்ணீர்ச் செம்பை எட்டப் பார்த்திருக்கிறாள். செம்பு கட்டிலுக்கு அடியில் உருண்டிருந்தது, தண்ணீர் காய்ந்தே போயிருந்தது. வலது கால் உடம்போடு சேராத ஒரு கோணத்தில் திரும்பியிருந்தது. வெயில் பட்ட கன்னம் சிவந்து உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. அவள் மார்போடு ஒட்டிப் பூனை படுத்திருந்தது. மேலே, எட்டாத உயரத்தில், சிவப்பு வளையம் எரிந்துகொண்டே இருந்தது.

இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அங்கே நடைவழிப் பெஞ்சில் வைத்து அவன் முதல் தடவை கேட்டான்.

"அம்மா கூப்பிடலையா?"

"மணி அடிச்சுது. பூனைன்னு நினைச்சுட்டேங்க."

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். லிஃப்டில் யாராவது அடிபட்டால் காவலாளியிடம், யார் அழுத்தினது, எத்தனை தடவை அழுத்தினது என்று விசாரிப்பது அவன் தொழில். அந்தப் பார்வை அவளுக்குப் புதிது.

"பூனையா?"

"பூனைதான். நாள் பூரா அது மேலேயேதானே உக்காந்திருக்கு."

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டாம் தடவை கேட்டான். "அன்னிக்கு மணி அடிக்கறப்போ பூனை எங்கே இருந்துச்சு?"

பேண்ட் குவியலின் மேல், வாலால் மூக்கை மூடிக்கொண்டு. அவள் கண்ணில் அப்படியே நின்றது. சொல்லியிருக்கலாம். கை நிறையக் கோபம் இருந்தது, பதினான்கு வருஷக் கோபம், அதையாவது வீசியிருக்கலாம். ஆமாம், தெரிந்துதான் போகவில்லை, உங்க அம்மா என்னைப் படுத்தின பாட்டுக்கு ஒரு மத்தியானம் போகவில்லை என்று கத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற ஒன்பது பொய் வந்து வரிசையில் நிற்கும். "அத்தை ரூம்லதான்," என்றாள். "நான் எட்டிக்கூடப் பாத்தேன். பட்டன் மேல காலை வெச்சுக்கிட்டு இருந்துச்சு. அத்தை தூங்கிட்டு இருந்தாங்க."

அவன் தட்டைக் கவிழ்த்து வைத்தான்.

மாமியார் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் காலை, அவன் தன் கருவிப் பையைக் காலி செய்தான். ஸ்பேனர்களையும் வயர்களையும் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, பையின் வாயைத் திறந்து முன்னறை நடுவில் வைத்தான். இன்ஸ்பெக்டர் விடுவாரா? சுற்றி வந்தார். முகர்ந்தார். கிரீஸ் வாசனைக்கு ஒரு தும்மல் தும்மினார். அப்புறம் யாரும் சொல்லாமல், யாரும் பிடிக்காமல், தானாகவே உள்ளே இறங்கி மூலை மூலையாகப் பரிசோதிக்க ஆரம்பித்தார்.

அவன் குனிந்து ஜிப்பைப் பிடித்தான். இழுக்கவில்லை.

"எங்கே கொண்டு போறீங்க?"

"எங்கம்மா இடுப்பை உடைச்ச பூனை இந்த வீட்ல இருக்கக் கூடாது." பிறகு நிமிர்ந்து, மூன்றாம் தடவை கேட்டான். "பூனைதானே?"

அந்த ஜிப் அவள் போன மாதம் மாற்றித் தைத்தது. இரட்டைத் தையல், லேசில் பிய்யாது. பைக்குள்ளிருந்து இரண்டு காது மட்டும் தெரிந்தது. ஒரு காது அவள் குரல் வரும் என்று இந்தப் பக்கம் திரும்பியது. இல்லை என்று ஒரு வார்த்தை. அந்த மூன்று எழுத்து கூட வேண்டாம், தலையை அசைத்தால் போதும். சொன்னால் தான் இந்த வீட்டில் யார்? ஒரு கிழவியைத் தாகத்தில் போட்டு வதைத்தவள். சொல்லாவிட்டால் ஒரு பூனைதானே. ஊரில் எத்தனையோ பூனை பிழைத்துக்கொண்டுதானே இருக்கிறது. அவள் ஜிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பூனைதான்," என்றாள்.

ஜிப் மூடிக்கொண்டது. உள்ளே ஒரு முறை கத்தியது. அவன் செருப்பு மாட்டினான். இரண்டாவது செருப்பை மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். அவள் தரையில் பரப்பியிருந்த ஸ்பேனர்களை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் திரும்பி வந்தான். பை தட்டையாக இருந்தது. நேராகப் பின்னறைக்குப் போய் பட்டன் பெட்டியைச் சட்டத்திலிருந்து கழற்றி, வயரோடு இழுத்து வந்து அவள் முன்னால் நீட்டினான்.

"அழுத்து."

"எதுக்கு?"

"அழுத்து."

விரலால் அழுத்தினாள். பட்டன் நகரவில்லை. அவள் தினமும் அழுத்தியது பக்கத்துக் கறுப்புப் பட்டனை மட்டும்தான். இதன் மேல் அவள் விரல் பட்டதே இல்லை. இரண்டு விரலால் அழுத்தினாள். ஒன்றுமில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்தினாள். தலைக்கு மேல் மணி ஒலித்தது.

"ஸ்பிரிங்கை மாத்தி ஒரு மாசம் ஆச்சு," என்றான். "பூனை தொந்தரவுன்னு நீதானே சொன்னே. அம்மாவோட வலது கையில நல்ல பலம் இருக்கு, அது அழுத்திப் பாத்துச்சு, சரியா இருந்துச்சு. இதுமேல பத்துப் பூனை ஏறி நின்னாலும் அமுங்காது."

அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். "அப்போ... மொத நாளே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அதைக் கொண்டுபோனீங்க? அது என்ன பண்ணுச்சு? வாயில்லாத ஜீவன், அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"மூணு தடவை கேட்டேன்," என்றான். "செருப்பு மாட்டுற வரைக்கும் பாத்தேன்." அவன் வாழ்நாளில் இவ்வளவு பேசியதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி முடுக்கப் போனான். போகிற போக்கில், ஏதோ மறந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். "பாலத்துக்கு அந்தப் பக்கம், மீன் குடோன்கிட்ட."

அவள் அப்படியே ஓடினாள். பாலத்தைத் தாண்டியதும் வாடை வந்தது. ஐஸ் பெட்டிகள், சகதி, எங்கே பார்த்தாலும் நாய். "இன்ஸ்பெக்டர்! இன்ஸ்பெக்டர்!" என்று சந்து சந்தாகக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஆள், "ஸ்டேஷன் அந்தத் தெருவுலம்மா," என்றான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். பூனை என்று அவள் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"சாம்பல் கலரா? ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது என்னன்னு பாக்கப் போச்சு போல, அது பாட்டுக்கு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நாய்ங்க பின்னால வந்ததைக் கவனிக்கலை," என்று சாக்கடை ஓரத்தைக் காட்டினான்.

அவள் போய்ப் பார்த்தாள். கழுத்தில் வெள்ளைப் பட்டை இருந்தது. சகதியிலேயே உட்கார்ந்து, வயிற்றிலிருந்து ஓலமிட்டு அழுதாள். மூன்றாம் மாதம் கலைந்தபோது அழுததற்குப் பிறகு அவள் அப்படி அழுததில்லை. யாரைத் திட்டுவது என்று தேடிப் பார்த்தாள். கணவனைத் திட்டினாள், மாமியாரைத் திட்டினாள், நாயைத் திட்டினாள். திட்டி முடித்த பிறகும் ஒரு ஆள் மிச்சம் இருந்தாள்.

மறுநாள் மாமியாரைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். வலி ஊசி போட்டிருந்தார்கள். முகம் வெளிறிச் சிறுத்திருந்தது. வந்ததும் வலது கையால் படுக்கையின் ஓரத்தை மெல்லத் தட்டினாள். பூனையைக் கூப்பிடும் தட்டு அது. யாரும் ஏறி வரவில்லை. மகன் ஜன்னலை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். பூனையைத் தூக்கிக்கொண்டு போனபோது, மனைவிக்குத் தண்டனை என்றுதான் அவன் நினைத்தான். அம்மாவுக்கு அது துணை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான்.

அவள் மெஷினில் உட்கார்ந்தாள். நாலு தையல் போட்டிருப்பாள். மணி அடித்தது, நீளமாக. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"என்ன அத்தை? தண்ணியா?"

மாமியார் தலையை அசைத்தாள். நாக்கைத் திரட்டினாள். "பூ... னை... எ... ங்க?"

"வெளிய போயிருக்கு அத்தை. வந்துரும்."

கறுப்புப் பட்டனை அழுத்தினாள். சிவப்பு அணைந்தது. முன்னறைக்கு வந்து ஊசியில் நூல் கோத்தாள். மணி அடித்தது.

அன்றைக்கு இருபது தடவை. மறுநாள் அதற்கும் மேலே. தண்ணீர் வேண்டாம், துணி மாற்ற வேண்டாம், ஜன்னலை மூட வேண்டாம். போய் நின்றால் அந்த ஒரே கேள்வி. நினைவு தவறிவிட்டது போலிருக்கிறது என்று மருமகள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒரு தடவை மணி அடித்தால்கூட அவளால் எழுந்து போகாமல் இருக்க முடியவில்லை. பழியைப் போட அவளிடம் இப்போது பூனை இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவளால் தாங்க முடியவில்லை. மணி அடித்ததும் போய்க் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அது செத்துப்போச்சு. நாய் கடிச்சு செத்துப்போச்சு. நான்தான் காரணம். அன்னிக்கு மணி அடிச்சது நீங்கதான்னு எனக்குத் தெரியும். அது என் பக்கத்துலதான் படுத்திருந்துச்சு. தெரிஞ்சேதான் நான் வரலை. பூனை மேல பழியைப் போட்டேன். போதுமா? இனிமே கேக்காதீங்க அத்தை. உங்க கால்ல விழறேன்."

மாமியார் அசையாமல் கேட்டாள். இழுத்துக்கொண்ட பாதி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மற்றப் பாதியில் கண்ணீர் இறங்கியது. மருமகளுக்கும் அழுகை வந்தது. பதினான்கு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விஷயத்துக்கு அழுதது அன்றுதான்.

"தெ... ரி... யும்," என்றாள் மாமியார்.

மருமகள் முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தாள். கறுப்புப் பட்டனை அழுத்திச் சிவப்பை அணைத்துவிட்டு எழுந்தாள். நெஞ்சு கொஞ்சம் லேசானது போல இருந்தது. வாசல்படியைத் தாண்டுவதற்குள் மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தாள். மாமியார் பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை. முன்னறையில் மணி நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. கண்ணீர் காயாத அந்தக் கண் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பூனை எங்கே?" என்றாள் மாமியார். இந்த முறை வார்த்தை குழறவே இல்லை.